சிறுதட்டு செறிந்த குருதிநீர்மத் தயாரிப்பில் மாறுபாடு

சிறுதட்டு செறிந்த குருதிநீர்மம் என்பது ஒருவருடைய குருதியை மையவிலக்குப் பொறியில் சுழற்றி, அதிலுள்ள குருதிச் சிறுதட்டுகளை இயல்பு நிலையைவிட மிகுதியான செறிவில் சேர்த்தெடுத்த குருதிநீர்மப் பகுதி ஆகும். பிளேட்லெட் ரிச் பிளாஸ்மா என்னும் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு இது பி.ஆர்.பி என்று பரவலாக அழைக்கப்படுகிறது. மூட்டுத் தேய்வு, தசைநாண் நோய்கள், ஆறாப் புண்கள், பல் மற்றும் தாடை அறுவை மருத்துவம், தலைமுடி உதிர்தல் முதலியவற்றில் மீளுருவாக்க மருத்துவ முறையாக இது பயன்படுத்தப்படுகிறது.

பி.ஆர்.பி என்பது ஒரே பெயரைக் கொண்டிருந்தாலும் ஒரே பொருள் அன்று. எடுக்கப்படும் குருதியின் அளவு, சேர்க்கப்படும் உறைவெதிர்ப்பி, சுழற்சியின் விசை, சுழற்றும் நேரம், பிரித்தெடுக்கும் அடுக்கு, தூண்டும் முறை ஆகியவற்றுள் எது மாறினாலும் இறுதியில் கிடைக்கும் நீர்மத்தின் உட்கூறுகள் மாறுகின்றன. குருதி தருபவரைப் பொறுத்தும் அவை மாறுகின்றன. இம்மாறுபாடே இச்சிகிச்சை பயன் தருகிறதா என்னும் கேள்விக்கு உறுதியான விடை கிடைக்காமைக்கான முதன்மைக் காரணங்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது.

சொல் விளக்கம்

குருதியிலிருந்து அணுக்களை நீக்கியபின் எஞ்சும் இளமஞ்சள் நிற நீர்மம் குருதிநீர்மம் அல்லது பிளாஸ்மா எனப்படும். குருதிச் சிறுதட்டுகள் தமிழ்நாட்டுச் செய்தித்தாள்களில் தட்டணுக்கள் என்று குறிப்பிடப்படுகின்றன. டெங்குக் காய்ச்சல் பரவும் காலங்களில் இச்சொல் மிகுதியாகப் பயன்படுவதால் பலரும் இதனை அறிவர்.

டெங்கு முதலிய நோய்களில் ஏற்றப்படும் சிறுதட்டுகளும் பி.ஆர்.பி சிகிச்சையும் வேறு வேறானவை. முன்னது பிறரிடமிருந்து கொடையாகப் பெறப்பட்டு, குருதிப்போக்கைத் தடுப்பதற்காகச் சிரை வழியே செலுத்தப்படுவது. பின்னது பெரும்பாலும் நோயாளரின் சொந்தக் குருதியிலிருந்தே பெறப்பட்டு, புண்பட்ட இடத்தில் மட்டும் இடப்படுவது. குருதி வங்கிகளில் கொடைக் குருதியிலிருந்து சிறுதட்டுகளைப் பிரிக்கும் முறைகளுள் ஒன்றும் இப்பெயராலேயே வழங்குவதால் குழப்பம் நேர்வதுண்டு.

உயிரியல் அடிப்படை

குருதிச் சிறுதட்டுகள் எலும்பு மச்சையிலுள்ள பெருங்கருவணுக்களிலிருந்து உடைந்து பிரியும் சிறு துண்டுகள் ஆகும். இவற்றிற்கு உட்கரு இல்லை. விட்டம் ஏறத்தாழ 2 முதல் 3 மைக்ரோமீட்டர். வாழ்நாள் 7 முதல் 10 நாட்கள். நலமான ஒருவரின் குருதியில் ஒரு மைக்ரோலிட்டருக்கு 1,50,000 முதல் 4,50,000 வரை சிறுதட்டுகள் இருக்கும்.

குருதிக் குழாய் அறுபட்டால் சிறுதட்டுகள் அவ்விடத்தில் ஒட்டி, ஒன்றோடொன்று திரண்டு அடைப்பை உண்டாக்குகின்றன. அப்போது அவற்றினுள் உள்ள ஆல்ஃபா மணிகள் என்னும் நுண்பைகள் திறந்து பல புரதங்களை வெளியிடுகின்றன. அவற்றுள் முதன்மையானவை:

- சிறுதட்டு சார் வளர்ச்சிக் காரணி
- உருமாற்ற வளர்ச்சிக் காரணி-பீட்டா
- குருதிக்குழல் அகப்படல வளர்ச்சிக் காரணி
- மேற்றோல் வளர்ச்சிக் காரணி

இவை உயிரணுக்களைப் புண்ணை நோக்கி ஈர்த்தல், உயிரணுப் பிரிவைத் தூண்டுதல், புதிய குருதிக் குழல்களை உருவாக்குதல் ஆகிய பணிகளில் பங்கேற்கின்றன. இயற்கையாக நிகழும் இந்த ஆறுதல் வினையை, சிறுதட்டுகளைச் செறிவாக்கிக் கொடுப்பதன் மூலம் விரைவுபடுத்தலாம் என்பதே பி.ஆர்.பி சிகிச்சையின் அடிப்படைக் கருத்து ஆகும். குருத்தெலும்பு, தசைநாண் போன்ற குருதியோட்டம் குறைந்த இழையங்கள் தாமாக ஆறுவது கடினம் என்பதால் அங்கு இக்கருத்து கூடுதல் கவனம் பெற்றது.

வரலாறு

சிறுதட்டு செறிந்த குருதிநீர்மம் என்னும் சொல் 1950களிலேயே குருதியியல் ஆய்வுகளில் பயன்பட்டது. 1986இல் நைட்டன் குழுவினர் சிறுதட்டுகளிலிருந்து பெற்ற வளர்ச்சிக் காரணிகளை ஆறாப் புண்களுக்குப் பயன்படுத்திய முடிவுகளை வெளியிட்டனர். 1987இல் பெராரி குழுவினர் திறந்தநிலை இதய அறுவையின்போது பிறர் குருதியை ஏற்றும் தேவையைக் குறைக்க நோயாளரின் சொந்தச் சிறுதட்டுகளைப் பயன்படுத்தியதை விவரித்தனர். 1997இல் விட்மன் குழுவினர் வாய் மற்றும் முக அறுவையில் சிறுதட்டுக் கூழைப் பயன்படுத்தியதை வெளியிட்டனர்.

1998இல் அமெரிக்கத் தாடை அறுவை மருத்துவர் ராபர்ட் மார்க்ஸ் குழுவினர் 88 நோயாளரிடம் கீழ்த்தாடை எலும்பு ஒட்டுடன் பி.ஆர்.பி சேர்த்து ஆய்ந்தனர். பி.ஆர்.பி சேர்த்த ஒட்டுகளில் எலும்பு விரைவாக முதிர்ந்ததாக அவர்கள் அறிவித்தது இத்துறையில் பேரார்வத்தைத் தூண்டியது. 2001இல் மார்க்ஸ், எது பி.ஆர்.பி, எது அன்று என்பதை வரையறுக்க முயன்றார். 5 மி.லி. குருதிநீர்மத்தில் ஒரு மைக்ரோலிட்டருக்கு 10 இலட்சம் சிறுதட்டுகள் என்பது அவர் முன்வைத்த நடைமுறை அளவு. அதே 2001இல் பிரான்சில் ஷுக்ரூன் குழுவினர் உறைவெதிர்ப்பி சேர்க்காமல் குருதியைச் சுழற்றிப் பெறும் சிறுதட்டு செறிந்த ஃபைப்ரினை அறிமுகப்படுத்தினர்.

2009 பிப்ரவரியில் அமெரிக்கக் கால்பந்து இறுதிப் போட்டிக்கு முன் ஹைன்ஸ் வார்டு என்னும் ஆட்டக்காரர் முழங்கால் காயத்திற்கு இச்சிகிச்சை பெற்றது செய்தியானபின், விளையாட்டு மருத்துவத்தில் இதன் பயன்பாடு வேகமாகப் பரவியது. சீர்தரங்கள் உருவாகும் முன்பே பயன்பாடு பரவியமையால் தயாரிப்பு முறைகள் பலவாகப் பெருகின.

தயாரிப்பு முறை

பொதுவான படிகள் பின்வருமாறு:

1. முழங்கைச் சிரையிலிருந்து குருதி எடுக்கப்படுகிறது. முறையைப் பொறுத்து இது 10 மி.லி. முதல் 60 மி.லி. வரை அமையும்.
2. குருதி உறையாதிருக்க உறைவெதிர்ப்பி சேர்க்கப்படுகிறது.
3. குழாய் மையவிலக்குப் பொறியில் சுழற்றப்படுகிறது. அடர்த்தி மிகுந்த செங்குருதியணுக்கள் அடியிலும், வெண்குருதியணுக்கள் அவற்றின்மேல் மெல்லிய வெளிர் படலமாகவும், குருதிநீர்மம் மேற்புறத்திலும் படிகின்றன. சிறுதட்டுகள் குருதிநீர்மத்தின் கீழ்ப்பகுதியிலும் வெளிர் படலத்திலும் காணப்படும்.
4. வேண்டிய அடுக்கு உறிஞ்சி எடுக்கப்படுகிறது.
5. சில முறைகளில் எடுத்த பகுதி மீண்டும் சுழற்றப்படுகிறது.
6. சில முறைகளில் பயன்படுத்துமுன் சிறுதட்டுகள் தூண்டப்படுகின்றன.

ஒருமுறை மட்டும் சுழற்றிக் குருதிநீர்மப் பகுதியை எடுக்கும் முறை ஒற்றைச் சுழற்சி முறை எனப்படும். இதில் சிறுதட்டுச் செறிவு பொதுவாக 2 முதல் 3 மடங்கு வரை உயரும். வெண்குருதியணுக்கள் மிகக் குறைவு. இரட்டைச் சுழற்சி முறையில் முதலில் மென்மையாகச் சுழற்றிச் செங்குருதியணுக்கள் நீக்கப்படுகின்றன. பிறகு வலுவாகச் சுழற்றிச் சிறுதட்டுகள் அடியில் படியவைக்கப்பட்டு, மேலுள்ள சிறுதட்டு குன்றிய குருதிநீர்மத்தின் ஒரு பகுதி அகற்றப்படுகிறது. வெளிர் படலத்தையும் சேர்த்தெடுக்கும் முறைகளில் செறிவு 3 முதல் 8 மடங்கு வரை உயரக்கூடும், வெண்குருதியணுக்களும் மிகும்.

மாறுபாட்டிற்கான காரணங்கள்

குருதி தருபவர்

மூலப்பொருளே ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது. ஒரு கருவி சிறுதட்டுகளை 4 மடங்கு செறிவாக்குவதாகக் கொள்வோம். தொடக்க எண்ணிக்கை 1,50,000 உள்ளவரிடம் அது 6,00,000ஐத் தரும். 3,50,000 உள்ளவரிடம் 14,00,000ஐத் தரும். இருவருக்கும் ஒரே சிகிச்சை அளிக்கப்பட்டதாகப் பதிவேடு கூறினாலும், இருவர் பெற்றதும் வேறு.

ஒரே மனிதரிடமும் எண்ணிக்கை நிலையாக இருப்பதில்லை. கடும் உடற்பயிற்சிக்குப்பின் சுற்றோட்டத்திலுள்ள சிறுதட்டுகளின் எண்ணிக்கை சிறிது நேரம் உயர்கிறது. ஆஸ்பிரின் போன்ற மருந்துகள் எண்ணிக்கையை மாற்றாவிட்டாலும் சிறுதட்டுகளின் செயற்பாட்டை மாற்றுகின்றன. ஆஸ்பிரினின் விளைவு அச்சிறுதட்டின் வாழ்நாள் முழுவதும் நீடிக்கும். செங்குருதியணுக்களின் கன அளவு விகிதம் மிகுந்தவரிடம் அதே அளவு குருதியிலிருந்து கிடைக்கும் குருதிநீர்மம் குறையும்.

குருதி எடுத்தலும் உறைவெதிர்ப்பியும்

மிக நுண்ணிய ஊசியால் விரைந்து உறிஞ்சினால் சிறுதட்டுகள் அழுத்தத்திற்கு உள்ளாகி முன்னதாகவே தூண்டப்படலாம். அவ்வாறு நேர்ந்தால் அவை குழாயிலேயே திரண்டு, உட்பொருள்களை வெளியிட்டுவிடும். எனவே சற்றுப் பெரிய துளையுள்ள ஊசியும் மெதுவாக எடுத்தலும் பரிந்துரைக்கப்படுகின்றன.

சிட்ரிக் அமிலம், சோடியம் சிட்ரேட்டு, டெக்ஸ்ட்ரோசு ஆகியன சேர்ந்த கரைசலும் சோடியம் சிட்ரேட்டுக் கரைசலும் மிகுதியாகப் பயன்படும் உறைவெதிர்ப்பிகள். இவை கால்சியத்தைப் பிணைத்து உறைதலைத் தடுக்கின்றன. ஈ.டி.டி.ஏ என்னும் உறைவெதிர்ப்பி ஆய்வகத்தில் அணுக்களை எண்ணுவதற்கு ஏற்றதாயினும், சிறுதட்டுகளின் வடிவத்தையும் மென்படலத்தையும் பாதிப்பதால் சிகிச்சைக்கான தயாரிப்பில் பொதுவாகத் தவிர்க்கப்படுகிறது. குளிர்ச்சியும் சிறுதட்டுகளைத் தூண்டக்கூடியது. ஆகவே 20 முதல் 24 பாகை செல்சியசு வெப்பநிலையில் வைத்திருப்பது வழக்கம்.

மையவிலக்கு விசை

பல மருத்துவக் குறிப்புகளில் சுழல்வேகம் மட்டும் நிமிடத்திற்கு இத்தனை சுற்றுகள் என்று தரப்படுகிறது. இது போதிய விவரம் அன்று. சிறுதட்டுகள் உணரும் விசை சுழல்வேகத்தோடு, சுழலியின் ஆரத்தையும் சார்ந்தது. ஆரத்தைச் சென்டிமீட்டரிலும் சுழல்வேகத்தை நிமிடத்திற்கான சுற்றுகளிலும் கொண்டால்,

ஒப்பு மையவிலக்கு விசை = 0.00001118 × ஆரம் × சுழல்வேகம் × சுழல்வேகம்

என்னும் வாய்ப்பாட்டால் அவ்விசை புவியீர்ப்பின் மடங்காகக் கிடைக்கும். எடுத்துக்காட்டாக, நிமிடத்திற்கு 1500 சுற்றுகள் என்னும் அதே வேகத்தில் 10 செ.மீ. ஆரமுள்ள பொறி புவியீர்ப்பைப்போல் ஏறத்தாழ 252 மடங்கு விசையையும், 16 செ.மீ. ஆரமுள்ள பொறி ஏறத்தாழ 402 மடங்கு விசையையும் தரும். முதலாவது மென்சுழற்சிக்கு உரிய அளவு. இரண்டாவதில் சிறுதட்டுகளில் கணிசமான பகுதி செங்குருதியணுக்களோடு சேர்ந்து அடியில் படிந்து வீணாகலாம். எனவே ஓர் ஆய்வுக்கட்டுரையில் சுழல்வேகம் மட்டும் தரப்பட்டிருந்தால், வேறொரு மருத்துவமனை அதே தயாரிப்பை மீண்டும் செய்ய இயலாது.

விசையோடு நேரம், குழாயின் நீளம், சுழலி குழாய்களைச் சாய்வாகப் பிடிக்கிறதா அல்லது வெளிநோக்கி ஊசலாட விடுகிறதா என்பது, பொறி நிற்கும்போது எவ்வளவு சீராக வேகம் குறைகிறது என்பது ஆகியனவும் அடுக்குகளின் எல்லையைப் பாதிக்கின்றன.

அடுக்கைப் பிரித்தெடுத்தல்

கைமுறைத் தயாரிப்பில் ஊசியின் முனையை எங்கு நிறுத்துவது என்பது செய்பவரின் கண்ணளவைப் பொறுத்தது. வெளிர் படலம் மிக மெல்லியது. ஒரு மில்லிமீட்டர் கீழே சென்றால் வெண்குருதியணுக்களும் செங்குருதியணுக்களும் கலக்கும். ஒரு மில்லிமீட்டர் மேலே நின்றால் சிறுதட்டுகளின் பெரும்பகுதி விடுபடும். இதனைக் குறைக்கவே, அடுக்குகளைப் பிரிக்கும் கூழ் உள்ள குழாய்களும் மிதவையுள்ள மூடிய தொகுதிகளும் சந்தைக்கு வந்தன. ஆயினும் ஒவ்வொரு தொகுதியும் வெவ்வேறு அடுக்கை இலக்காகக் கொள்வதால், அவை கைமுறை வேறுபாட்டைக் குறைத்தனவேயன்றித் தொகுதிகளுக்கு இடையேயான வேறுபாட்டை நீக்கவில்லை.

வெண்குருதியணுக்களும் செங்குருதியணுக்களும்

பி.ஆர்.பியில் வெண்குருதியணுக்கள் இருப்பது நன்மையா தீமையா என்பது நீண்டகால விவாதம். அவை நுண்ணுயிர்களை எதிர்ப்பவை என்பதால் புண்களில் பயன் தரலாம் என்பது ஒரு கருத்து. நடுவமைநாடிகள் என்னும் வகை வெண்குருதியணுக்கள் அழற்சியைத் தூண்டும் பொருள்களையும் இழையத்தைச் சிதைக்கும் நொதியங்களையும் வெளியிடுவதால் மூட்டினுள் அவை தீங்கு செய்யலாம் என்பது மற்றொரு கருத்து. 2011இல் வெளியான சண்ட்மன் குழுவினரின் ஆய்வு, சிறுதட்டுகள் மிகுந்தால் வளர்ச்சிக் காரணிகளும், வெண்குருதியணுக்கள் மிகுந்தால் சிதைவைத் தூண்டும் பொருள்களும் மிகுவதைக் காட்டியது.

செங்குருதியணுக்கள் கலந்தால் அவை உடைந்து, ஈமோகுளோபினும் இரும்பும் மூட்டினுள் வெளிப்படும். 2014இல் வெளியான பிரவுன் குழுவினரின் ஆய்வக ஆய்வில், வெண்குருதியணு மிகுந்த பி.ஆர்.பியும் செங்குருதியணுக்களும் மூட்டு உறை உயிரணுக்களின் இறப்பை அதிகரித்தன. இக்காரணங்களால் மூட்டுத் தேய்வுக்கு வெண்குருதியணு குன்றிய வகையைப் பலர் விரும்புகின்றனர்.

தூண்டல்

சிறுதட்டுகளைத் தூண்ட கால்சியம் குளோரைடு, துரோம்பின், கொலாசன் ஆகியன பயன்படுத்தப்படுகின்றன. துரோம்பின் போன்ற வலுவான தூண்டிகள் வளர்ச்சிக் காரணிகளின் பெரும்பகுதியைச் சில நிமிடங்களிலேயே வெளியேற்றிவிடுகின்றன. தூண்டாமல் செலுத்தப்படும் சிறுதட்டுகள் உடலிலுள்ள கொலாசனைத் தொட்டுப் படிப்படியாகத் தூண்டப்படுகின்றன. தொடக்க காலத்தில் மாட்டுக் குருதியிலிருந்து பெற்ற துரோம்பின் பயன்படுத்தப்பட்டது. அது சிலரிடம் குருதி உறைவுக் காரணி 5க்கு எதிரான எதிர்ப்பொருள்களை உண்டாக்கிக் குருதிப்போக்குக்கு வழிவகுக்கக்கூடும் என்பது கண்டறியப்பட்டபின் அதன் பயன்பாடு குறைந்தது.

எண்ணிக்கை அளவீடு

தயாரித்த நீர்மத்தில் எத்தனை சிறுதட்டுகள் உள்ளன என்று எண்ணுவதிலும் பிழை நேரலாம். தானியங்கி எண்ணிகள் சாதாரணக் குருதிக்காக அமைக்கப்பட்டவை. மிகு செறிவான நீர்மத்தை நேர்த்துப்போகச் செய்யாமல் எண்ணினாலோ, சிறுதட்டுகள் திரண்டிருந்தாலோ, நீர்மம் நன்கு கலக்கப்படாதிருந்தாலோ எண்ணிக்கை உண்மையினின்று விலகும். பல மருத்துவமனைகளில் பி.ஆர்.பி எண்ணப்படாமலேயே செலுத்தப்படுகிறது.

செறிவும் மொத்த அளவும்

விளம்பரங்களில் பெரும்பாலும் செறிவின் மடங்கு மட்டும் குறிப்பிடப்படுகிறது. மடங்கு வேறு, நோயாளர் பெறும் சிறுதட்டுகளின் மொத்த எண்ணிக்கை வேறு. பின்வரும் கணக்கு இதனை விளக்கும். எளிமைக்காக உறைவெதிர்ப்பியின் கன அளவு சேர்க்கப்படவில்லை.

ஒரு மைக்ரோலிட்டருக்கு 2,00,000 சிறுதட்டுகள் உள்ள ஒருவரிடம் 30 மி.லி. குருதி எடுத்தால், அதில் மொத்தம் 600 கோடிச் சிறுதட்டுகள் இருக்கும். அவற்றுள் 80 விழுக்காடு, அதாவது 480 கோடி, மீட்கப்படுவதாகக் கொள்வோம்.

- இவை 3 மி.லி. நீர்மத்தில் இருந்தால் செறிவு மைக்ரோலிட்டருக்கு 16 இலட்சம். அதாவது 8 மடங்கு.
- இவை 6 மி.லி. நீர்மத்தில் இருந்தால் செறிவு 8 இலட்சம். அதாவது 4 மடங்கு.
- அந்த 6 மி.லி. நீர்மத்தில் 3 மி.லி. மட்டும் செலுத்தப்பட்டால் நோயாளர் பெறுவது 240 கோடி மட்டுமே.

முதல் இரண்டிலும் மொத்த அளவு ஒன்றே. செறிவு மட்டும் வேறு. இரண்டாவதிலும் மூன்றாவதிலும் செறிவு ஒன்றே. மொத்த அளவு பாதியாகிறது.

செறிவு மிகுந்தால் பயனும் மிகும் என்பதும் உறுதியன்று. 2004இல் வெய்பிரிக் குழுவினர் முயல் எலும்பில் செய்த ஆய்வில் ஏறத்தாழ 10 இலட்சம் என்னும் செறிவு ஏற்றதாகவும், அதற்கு மேற்பட்ட செறிவு தடையாகவும் அமைந்தது. 2006இல் கிராசியானி குழுவினரின் உயிரணு வளர்ப்பு ஆய்வில் 2.5 மடங்குச் செறிவே சிறந்த விளைவைத் தந்தது. 2009இல் ஜியுஸ்தி குழுவினர் குருதிக்குழல் உருவாக்கத்திற்கு 15 இலட்சம் ஏற்றது எனக் கண்டனர். இழையத்திற்கும் வினைக்கும் ஏற்ப உகந்த செறிவு மாறுபடலாம் என்பதையே இவை காட்டுகின்றன.

மாறுபாட்டை அளவிட்ட ஆய்வுகள்

2011இல் காஸ்டில்லோ குழுவினர் நலமான 5 பேரின் குருதியை மூன்று வணிகத் தொகுதிகளில் தயாரித்து ஒப்பிட்டனர். சிறுதட்டுச் செறிவின் சராசரியில் புள்ளியியல் அடிப்படையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. ஆனால் வெண்குருதியணுக்கள் ஒன்றில் மைக்ரோலிட்டருக்குச் சுமார் 1,000, மற்றொன்றில் சுமார் 11,000, மூன்றாவதில் சுமார் 34,000 என்று பெரிதும் வேறுபட்டன.

2012இல் மசோக்கா குழுவினர் 8 பேரிடம் மூன்று தயாரிப்பு முறைகளை ஒப்பிட்டனர். முறைக்கு முறை மட்டுமன்றி, ஒரே மனிதரிடம் வெவ்வேறு வேளைகளில் எடுத்த குருதியிலிருந்து ஒரே முறையில் தயாரித்த பி.ஆர்.பியிலும் வேறுபாடு இருந்தது. பல தவணைகளாகச் சிகிச்சை பெறுவோர் ஒவ்வொரு முறையும் ஒரே மருந்தைப் பெறுவதில்லை என்பது இதன் பொருள்.

2017இல் சாலா குழுவினர் எலும்பு-மூட்டு மருத்துவத்தில் பி.ஆர்.பி பற்றிய 105 மருத்துவ ஆய்வுகளை ஆராய்ந்தனர். பிறர் மீண்டும் செய்யும் அளவுக்குத் தயாரிப்பு முறையைத் தெளிவாக விவரித்தவை 11 மட்டுமே. இறுதி நீர்மத்தின் உட்கூறுகளை எண்ணளவில் தந்தவை 17 மட்டுமே.

வகைப்பாட்டு முறைகள்

குழப்பத்தைக் குறைக்கப் பல வகைப்பாடுகள் முன்மொழியப்பட்டுள்ளன.

- டோகன் எரன்பெஸ்ட் வகைப்பாடு, 2009: வெண்குருதியணுக்கள், ஃபைப்ரின் வலையமைப்பு ஆகியவற்றைக் கொண்டு நான்கு குடும்பங்களாகப் பிரிப்பது. அவை தூய பி.ஆர்.பி, வெண்குருதியணு கலந்த பி.ஆர்.பி, தூய பி.ஆர்.எஃப், வெண்குருதியணு கலந்த பி.ஆர்.எஃப் என்பன.
- மிஸ்ரா வகைப்பாடு, 2012: வெண்குருதியணுக்களின் இருப்பு, தூண்டல், செறிவு 5 மடங்குக்கு மேலா கீழா என்பவற்றைக் கொண்டது.
- பா முறை, 2012: டிலாங் குழுவினர் முன்வைத்தது. சிறுதட்டுகள், தூண்டல், வெண்குருதியணுக்கள் ஆகிய மூன்றையும் குறிக்கும். மடங்கைக் கொள்ளாமல் நேரடி எண்ணிக்கையைக் கொள்கிறது. இதன்படி தொடக்க எண்ணிக்கை முதல் 7.5 இலட்சம் வரை இரண்டாம் நிலை, 12.5 இலட்சம் வரை மூன்றாம் நிலை. அதற்கு மேல் நான்காம் நிலை.
- டெப்பா முறை, 2016: மகாலோன் குழுவினர் முன்வைத்தது. செலுத்தப்படும் மொத்த அளவு, மீட்புத் திறன், தூய்மை, தூண்டல் ஆகிய நான்கைக் குறிக்கும். மொத்தம் 500 கோடிக்கு மேல் இருந்தால் முதல் தரம். 300 முதல் 500 கோடி இரண்டாம் தரம். 100 முதல் 300 கோடி மூன்றாம் தரம். அதற்குக் கீழ் நான்காம் தரம்.

மேலே கண்ட கணக்கை இவற்றோடு பொருத்திப் பார்க்கலாம். 480 கோடிச் சிறுதட்டுகள் 3 மி.லி.யில் இருந்தால் பா முறைப்படி நான்காம் நிலை, 6 மி.லி.யில் இருந்தால் மூன்றாம் நிலை. டெப்பா முறைப்படி, முழுவதும் செலுத்தப்பட்டால், இரண்டும் ஒரே தரம். ஆகவே வகைப்பாடுகளும் ஒன்றற்கொன்று ஈடானவை அல்ல. இவற்றுள் எதுவும் உலகளவில் ஒருமனதாக ஏற்கப்படவில்லை.

மருத்துவ ஆய்வுகளின்மீது தாக்கம்

பி.ஆர்.பி பற்றிய மருத்துவ ஆய்வுகளின் முடிவுகள் முரண்படுகின்றன. 2010இல் நெதர்லாந்தில் தே வோஸ் குழுவினர் குதிகால் தசைநாண் நோயுள்ள 54 பேரிடம் நடத்திய ஆய்வில் பி.ஆர்.பி உப்புநீர் ஊசியைவிட மேலான பயன் தரவில்லை. 2013இல் சண்டிகரில் பட்டேல், தில்லான் முதலியோர் முழங்கால் மூட்டுத் தேய்வுள்ள 78 பேரிடம் நடத்திய ஆய்வில், வெண்குருதியணு நீக்கிய பி.ஆர்.பி பெற்றோர் 6 மாதங்கள் வரை உப்புநீர் பெற்றோரைவிட மேம்பட்டனர்.

2021இல் வெளியான பெனல் குழுவினரின் ஆய்வு ஆத்திரேலியாவில் 288 பேரிடம் நடத்தப்பட்டது. முழங்கால் மூட்டுத் தேய்வுக்கு வாரம் ஒன்றாக மூன்று ஊசிகள் செலுத்தி 12 மாதங்களுக்குப்பின் பார்த்தபோது, வலியிலும் குருத்தெலும்பின் கன அளவிலும் உப்புநீர் ஊசிக்கும் பி.ஆர்.பிக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இதில் பயன்பட்ட ஒற்றைச் சுழற்சித் தயாரிப்பின் சிறுதட்டு அளவு குறைவு என்று சிலர் விமரிசித்தனர். அதே ஆண்டில் வெளியான காக்ரேன் திறனாய்வு, முழங்கை வெளிப்புற வலிக்குத் தற்குருதி மற்றும் பி.ஆர்.பி ஊசிகள் பற்றிய 32 ஆய்வுகளை ஆராய்ந்து, குறிப்பிடத்தக்க மருத்துவப் பயன் பெரும்பாலும் இல்லை என்ற முடிவுக்கு வந்தது.

தயாரிப்பு வேறுபாடு இருவகையாக வாதிக்கப்படுகிறது. பயனில்லை என்று காட்டிய ஆய்வுகளில் தவறான தயாரிப்பு பயன்பட்டிருக்கலாம் என்று ஆதரவாளர் கூறுவர். அவ்வாறாயின் பயன் உண்டு என்று காட்டிய ஆய்வுகளையும் வேறு தயாரிப்புக்குப் பொருத்த இயலாது என்று ஐயுறுவோர் கூறுவர். இரு வாதங்களையும் சோதிக்க வேண்டுமானால், செலுத்தப்பட்ட நீர்மத்தின் உட்கூறுகள் ஒவ்வோர் ஆய்விலும் பதிவாகியிருக்க வேண்டும். பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து நோக்கும் தொகுப்பாய்வுகளும் இப்பதிவு இல்லாமல் வெவ்வேறு பொருள்களை ஒன்றெனக் கூட்டும் நிலைக்கு ஆளாகின்றன.

பாதுகாப்பும் ஒழுங்குமுறையும்

நோயாளரின் சொந்தக் குருதியே பயன்படுவதால் ஒவ்வாமையும் நோய்த்தொற்றும் அரிது. ஊசியிட்ட இடத்தில் வலியும் வீக்கமும் சில நாட்கள் நீடிக்கலாம். ஆனால் தூய்மை தவறினால் பாதுகாப்பும் தவறும். அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் உரிமம் இல்லாத ஓர் அழகு நிலையத்தில் முகப்பொலிவுக்காக நுண்ணூசிகளுடன் பி.ஆர்.பி சிகிச்சை பெற்ற சிலருக்கு எச்.ஐ.வி தொற்றியதை அந்நாட்டு நோய்க் கட்டுப்பாடு மற்றும் தடுப்பு மையங்கள் 2024 ஏப்ரலில் அறிவித்தன. ஒருவருடைய குருதிக் குழாயும் ஊசியும் பிறருடையவற்றோடு கலக்காதிருக்கப் பெயர் ஒட்டுதல், ஒருமுறைப் பயன்பாடு ஆகியவை இன்றியமையாதவை.

அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் பி.ஆர்.பி தயாரிக்கும் பல கருவிகளுக்குச் சந்தை அனுமதி அளித்துள்ளது. அவ்வனுமதி பெரும்பாலும் எலும்பு ஒட்டுப் பொருளோடு கலந்து கையாளுவதற்கானது. மூட்டுத் தேய்வையோ தசைநாண் நோயையோ குணப்படுத்தும் என்பதற்கான சான்றிதழ் அன்று. உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை 2010ஆம் ஆண்டுப் பட்டியலில் பி.ஆர்.பியைத் தசையினுள் செலுத்துவதைத் தடை செய்து, 2011இல் அத்தடையை நீக்கியது.

சீர்தரப்படுத்தும் முயற்சிகள்

2017இல் மரே குழுவினர் எலும்பு-மூட்டு மருத்துவத்தில் உயிரியற் பொருள்கள் பற்றிய ஆய்வுகளில் தரவேண்டிய குறைந்தபட்ச விவரங்களின் பட்டியலை வெளியிட்டனர். 2018இல் பன்னாட்டுக் குருதியுறைவு மற்றும் குருதித்தேக்கக் கழகத்தின் சார்பிலும் சிறுதட்டுத் தயாரிப்புகளுக்கான பரிந்துரைகள் வெளியாயின. இத்தகைய முயற்சிகள், எல்லோரும் ஒரே முறையில் தயாரிக்க வேண்டும் என்பதைக் காட்டிலும், தயாரித்தது எது என்பதை எல்லோரும் அறிவிக்க வேண்டும் என்பதையே வலியுறுத்துகின்றன.

ஒரு சிகிச்சைப் பதிவிலோ ஆய்விலோ இடம்பெற வேண்டியவையாகப் பொதுவாக ஏற்கப்படும் விவரங்கள்:

- குருதியின் கன அளவு, தொடக்கச் சிறுதட்டு எண்ணிக்கை
- உறைவெதிர்ப்பியின் வகையும் அளவும்
- சுழற்சிகளின் எண்ணிக்கை, புவியீர்ப்பு மடங்காக விசை, நேரம், வெப்பநிலை
- இறுதி நீர்மத்தின் கன அளவும், அதிலுள்ள சிறுதட்டு, வெண்குருதியணு, செங்குருதியணு எண்ணிக்கையும்
- தூண்டியின் பெயரும் அளவும்
- தயாரித்ததற்கும் செலுத்தியதற்கும் இடைப்பட்ட நேரம், செலுத்திய அளவு, தவணைகள்

இவற்றுள் பெரும்பாலானவை கூடுதல் கருவி எதுவும் இன்றிக் குறித்து வைக்கக்கூடியவை. எஞ்சியவற்றுக்கு முழுக் குருதியிலும் இறுதி நீர்மத்திலும் ஒவ்வொரு முறை அணுக்களை எண்ணுவது போதும்.

இவற்றையும் பார்க்க

- குருதிச் சிறுதட்டு
- குருதிநீர்மம்
- மையவிலக்கு விசை
- குருதி உறைதல்
- மூட்டுத் தேய்வு
- மீளுருவாக்க மருத்துவம்